தாயில்பட்டியிலிருந்து வந்த பொத்தான்கள்

1

சனிக்கிழமைகளில் நாட்டிங்ஹாம் சந்தையில் எனக்கு ஒரு மேசை உண்டு. மேசைக்குப் பின்னால் ஒரு நீளக் கம்பி. நான் கையால் தைத்த கோட்டுகளும் சட்டைகளும் பாவாடைகளும் அதில் தொங்கும். ஒரு பக்கம் ஜாம் விற்கும் பெரியவர். மறுபக்கம் மெழுகுவர்த்தி விற்கும் கணவனும் மனைவியும். மெழுகுவர்த்திக்காரர் நான் இருக்கும் வரைக்கும் எதையும் ஏற்றிக் காட்ட மாட்டார். முதல் வாரமே நான் போய்ச் சண்டை போட்டதன் பலன் அது. துணிக்குப் பக்கத்தில் நெருப்பு என்றால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

போன வாரம் ஒரு அம்மாள் என் கோட்டு ஒன்றை எடுத்து உள்ளும் வெளியும் புரட்டிப் பார்த்தார். ஜிப்பைத் தேடுகிறார் என்று தெரிந்தது. பிறகு கொக்கியைத் தேடினார். கடைசியில், "இதில் ஒரு துளி இரும்புகூட இல்லையே, ஏன்?" என்று கேட்டார். அதுதான் என் பாணி என்றேன். அவருக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. போட்டுப் பார்த்து, தோளைக் குலுக்கி, வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மழையில் குடையோடு நிற்பவரிடம் முழுக்கதையையும் சொல்ல முடியாது. சொன்னால் பக்கத்துக் கடையில் ஜாம் வாங்கப் போய்விடுவார். ஊரில் இருக்கும் உங்களுக்குக் கொஞ்சம் பொறுமை அதிகம் என்று நினைக்கிறேன். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

என் பெயர் பேச்சியம்மாள். மேசைக்கு மேலே உள்ள பலகையில் பேச்சி என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. இவர்கள் அதைப் பேட்ச்சி என்று தப்பாக வாசித்து, ஒட்டுப்போட்ட துணி விற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். வந்தால் சரிதான் என்று நானும் திருத்துவதில்லை.

2

எங்கள் அய்யாவும் அம்மாவும் கரிசல் காட்டில் அடுத்தவர் நிலத்தில் பருத்தி எடுத்தவர்கள். நான் பெரிய பிள்ளையானபோது தாயில்பட்டியில் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் குறைந்துபோனார்கள். விடிந்ததும் கம்பெனி வேன் வந்து நிற்கும். தெருவே அதில் ஏறிப் போய்விடும். என் அக்கா குருவம்மாவும் அப்படி ஏறியவள்தான்.

பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு உடுப்பில் கட்டுப்பாடு உண்டு. வாசலில் போர்மேன் நிற்பார். நைலான் சேலை கட்டிப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார். பருத்திதான் உடுத்த வேண்டும். அதற்கு மேலே வீட்டு ஆண்களின் பழைய பருத்திச் சட்டை ஒன்றையும் பெண்கள் மாட்டிக்கொள்வார்கள். ஊக்கு, கொக்கி, கொண்டை ஊசி, கொலுசு எதுவும் ஆகாது. இரும்பு உரசினால் பொறி வரும். நைலான் உடம்பில் உரசினாலும் வரும். மருந்து அறைக்கு அந்தப் பொறி போதும். வெடிமருந்தை எங்கள் பக்கம் வெறும் மருந்து என்றுதான் சொல்வோம். அந்த அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் இருக்கும் மின்சாரத்தை அதைத் தொட்டு இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும்.

கொக்கி இல்லாமல் ரவிக்கை போடுவது எப்படி? கொக்கியைப் பிய்த்துவிட்டு இரண்டு முனையையும் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். அக்கா தினமும் அதைத் திட்டுவாள்.

"குனிஞ்சா அவுந்துருது, நிமுந்தா இறுக்குது. இந்தச் சனியனக் கட்டிக்கிட்டு நான் வேலையப் பாப்பேனா, மானத்தப் பாப்பேனா?"

நான் அப்போது சிவகாசியில் ஒரு தையல் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். வெட்டி மிச்சமான துணியைச் சிறு நாடாவாகத் தைத்து, சுற்றி முடிச்சிட்டு, மொச்சைக்கொட்டை அளவுக்கு ஓர் உருண்டைப் பொத்தான் செய்து பார்த்தேன். எதிர்ப்பக்கம் அதே துணியில் ஒரு காது. பார்க்க அழகாக இருந்தது. இரண்டு தடவை துவைத்ததும் முடிச்சு இளகிப்போனது.

அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். கம்பெனியில் அவளுக்கு ஆட்டம் பாம் சுற்றுகிற வேலை. மருந்து அடைத்த சின்ன டப்பாவின்மேல் சணல் கயிற்றைப் பிரி விடாமல் சுற்றி இறுக்க வேண்டும். சுற்று இளகினால் வெடி புஸ்ஸென்று போய்விடும். அதே கையால் என் நாடாவைச் சுற்றி, கடைசி முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். அந்தப் பொத்தான் ரவிக்கை கிழிந்த பிறகும் இளகவில்லை. அன்றிலிருந்து வெட்டுவதும் தைப்பதும் என் வேலை, பொத்தான் கட்டுவது அக்கா வேலை என்றானது. மற்ற கம்பெனிப் பெண்களும் கேட்டு வந்தார்கள். தீபாவளி சீசனில் வெம்பக்கோட்டை பக்கத்திலிருந்தெல்லாம் ஆள் வரும்.

என்னை இங்கே உடை வடிவமைப்பாளர் என்கிறார்கள். நான் வடிவமைத்தது என்று பார்த்தால் அந்த ரவிக்கை ஒன்றுதான். மற்றதெல்லாம் அதில் கை வைத்து, நீளம் கூட்டி, பஞ்சு வைத்துத் தைத்தவை.

3

என் வீட்டுக்காரர் செல்வராஜ் விருதுநகர்க்காரர். சிவகாசியில் ஆப்செட் மிஷின் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே ஒரு அச்சகத்தில் அதே ரக மிஷின் இருந்ததால் வேலை கிடைத்து வந்தோம். மகள் மீனாவுக்கு அப்போது நாலு வயது. வந்த புதிதில் நான் வாசல் கதவின் பித்தளைக் கைப்பிடியைத் தொட்டுவிட்டுத்தான் எந்த அறைக்குள்ளும் போவேன். இந்த ஊர்க் கம்பளத்தில் நடந்தால் கை வைக்கும் இடமெல்லாம் சுரீர் என்று அடித்தது. இவ்வளவு மின்சாரத்தை உடம்பில் வைத்துக்கொண்டு இவர்கள் எப்படி நிம்மதியாக நடமாடுகிறார்கள் என்று எனக்கு ஆச்சரியம்.

நவம்பர் மாதத்தில் இங்கே ஒரு நாள் ஊர் கூடிச் சொக்கப்பனை மாதிரி நெருப்பு மூட்டி வாணம் விடுவார்கள். மீனாவுக்கு எட்டு வயதானபோது பள்ளிக்கூட மைதானத்தில் அது நடந்தது. குழந்தைகள் கையில் ஆளுக்கொரு கம்பி மத்தாப்பு. எல்லாக் குழந்தைகளும் போட்டிருந்தது நைலான் குளிர்ச்சட்டை. எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. ஓடிப்போய் மீனாவின் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் மத்தாப்பைப் பிடிக்க விட்டேன். குளிரில் அவளுக்குப் பல் கிட்டியது. எனக்கு மனசு நிம்மதியாக இருந்தது.

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டு பேர் எதிரில் உட்கார்ந்து, குழந்தையின் குளிர்ச்சட்டையை ஏன் கழற்றினீர்கள், வீட்டிலும் இப்படிச் செய்வீர்களா என்று மிக மரியாதையாகக் கேட்டார்கள். அந்த மரியாதைதான் பயமுறுத்தியது. நைலான், பொறி, போர்மேன் என்று என் ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர்கள் தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து மீனா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அதற்குப் பிறகு பேசியது ஆங்கிலத்தில். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பழக்கம் அவளுக்கு அப்போது வந்ததுதான்.

அடுத்த வருட நெருப்புக்காக, பருத்தித் துணியில் பஞ்சு வைத்து, உருண்டைப் பொத்தான் வைத்து அவளுக்கு ஒரு கோட்டு தைத்தேன். அவள் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆணியில் தொங்கிய அதை அவள் தோழியின் அம்மா பார்த்து, எங்கே வாங்கினீர்கள் என்றார். தைத்தது நான்தான் என்றதும் தன் மகளுக்கு ஒன்று கேட்டார். அதைப் பார்த்து அவர் தங்கை ஒன்று கேட்டார். மகள் வேண்டாம் என்று ஒதுக்கிய கோட்டிலிருந்துதான் என் தொழில் ஆரம்பித்தது.

பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து முறையாகவும் கற்றேன். ஜிப் வைக்கும் பாடம் நடந்த அன்று எல்லோரும் ஜிப் வைத்தார்கள். எனக்குக் கை வரவில்லை. நாலு பொத்தானும் காதும் வைத்துக் கொடுத்தேன். இது எந்த மரபு என்று ஆசிரியர் கேட்டார். தாயில்பட்டி மரபு என்றேன். எழுத்துக்கூட்டச் சொல்லி நோட்டில் குறித்துக்கொண்டார்.

4

காலையில் எழுந்ததும் தேநீருக்கு முன்னால் கணினியைத் திறப்பது என் வழக்கம். தமிழ்ச் செய்திப் பக்கத்தில் விருதுநகர் மாவட்டம் என்ற இடத்தில் கண்ணை ஓட்டுவேன். பட்டாசு ஆலையில் என்று தொடங்கும் செய்தி இல்லாவிட்டால் அன்றைக்கு அடுப்பைப் பற்றவைப்பேன். இருந்தால், ஊர்ப் பெயரைத் தேடுவேன். எங்கள் சுற்றுவட்டாரத்துப் பெயராக இருந்தால் தொலைபேசி அட்டையைச் சுரண்டி நம்பர் போடுவேன். அந்த மாதிரி நாளில் லைன் கிடைக்கவே கிடைக்காது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் எல்லோரும் அதே நேரத்தில் அதே தெருவுக்கு அடித்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் அக்கா எடுப்பாள்.

"எங்க கம்பெனி இல்லடி. அங்கிட்டு ஆனைக்குட்டம் பக்கம். நீ சாப்பிட்டியா? உன் வீட்டுக்காரரு சாப்பிட்டாகளா?"

யார் யார் போனார்கள் என்று அதற்குப் பிறகுதான் சொல்வாள். ஒரு தடவை அவள் சொன்ன பெயர்களில் ஒன்று நான் கடைசியாக ரவிக்கை தைத்துக் கொடுத்த பெண்ணுடையது. அன்று முழுக்க என்னால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அக்காவை அந்தக் கம்பெனியிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசையே இல்லாமல் போனது.

வழி ஒன்று தானாக வந்தது. பக்கத்து நகரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் ஹெலன் சந்தையில் என் கோட்டுகளைப் பார்த்துவிட்டு, குளிர்காலத்துக்கு நாற்பது கோட்டு வேண்டும் என்றாள். பொத்தான் அத்தனையும் இதே மாதிரி உருண்டையாக, கையால் கட்டியதாக இருக்க வேண்டும் என்றாள். எனக்கு ஒன்று கட்டி முடிப்பதற்குள் விரல் வலித்துவிடும். அக்கா பேசிக்கொண்டே ஒரு படி கட்டிவிடுவாள்.

அக்காவுக்குப் போன் போட்டேன். கம்பெனி கொடுக்கும் வாரச் சம்பளத்தை நான் தருகிறேன், நீ வேனில் ஏறாதே, வீட்டில் உட்கார்ந்து பொத்தான் கட்டு என்றேன். அவள் யோசித்தாள்.

"இப்ப சீசன்டி. இப்பப் போயி வேலைய விட்டு நிக்கிறேன்னா போர்மேன் வைவாரு."

"அவரு வைறத நீ கேக்க வேண்டாம்க்கா. நீ விட்டாத்தான் நான் இந்த ஆர்டரையே எடுப்பேன்."

அடுத்த வாரம் கூப்பிட்டபோது, "விட்டுட்டேன்டி. ஒன் பட்டனைத்தான் கட்டிக்கிட்டுக் கெடக்கேன்" என்றாள். நான் செல்வராஜிடம் சொன்னேன், சந்தையில் ஜாம் பெரியவரிடம் சொன்னேன், மெழுகுவர்த்திக்காரரிடம்கூடச் சொன்னேன். மறுநாள் காலை கணினியைத் திறக்காமல் நேராகத் தேநீர் போட்டேன். அதற்கு எவ்வளவு ருசி என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

5

பார்சல் வர வேண்டிய நாள் தாண்டியது. ஹெலன் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். பொத்தானைத் தவிர மற்ற எல்லாம் தைத்து முடித்து, வாய் திறந்த கோட்டுகள் வீடு முழுக்கத் தொங்கின. மூன்றாவது வாரம் ஒரு மாலையில் வாசல் மணி அடித்தது. ஒரு ஆணும் பெண்ணும் நின்றார்கள். அட்டையைக் காட்டி, சுங்கத்துறை என்றார்கள். தேநீர் வேண்டாம் என்றார்கள். இந்த ஊரில் தேநீர் வேண்டாம் என்று சொன்னால் விஷயம் பெரியது.

பிறகுதான் தெரிந்தது. சிவகாசி தபாலாபீசில் பார்சலுக்கு வெள்ளைத்துணி சுற்றித் தைத்து அரக்கு வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அதனால் அங்கே யார் கண்ணையும் அது உறுத்தவில்லை. துணிக்குள்ளே இருந்ததோ ஒரு பட்டாசு அட்டைப்பெட்டி. வெடிக்கும் குண்டின் படம் போட்டது. எங்கள் ஊரில் அந்தப் பெட்டியில்தான் பருப்பு வைப்போம், துணி வைப்போம், சாமி படத்தைக்கூட வைத்து ஊர் மாறுவோம். போதாததற்கு அக்கா பொத்தான்களைப் பத்துப் பத்தாக, அச்சகத்தில் கழித்துப்போட்ட வெடி லேபிளில் சுற்றி அடுக்கியிருக்கிறாள். நாங்கள் பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போட்டதே அந்தக் காகிதத்தில்தான். இவர்கள் பெட்டியை எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். வெடிப் படம் போட்ட பெட்டிக்குள்ளே வரிசை வரிசையாக உருண்டைகள்.

அந்த அம்மாள் புகைப்படங்களை மேசைமேல் பரப்பினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களுக்கு வரவில்லை.

"இவை பொத்தான்கள்" என்று மீனாவின் பழைய கோட்டைக் காட்டிச் சொன்னேன்.

"அதைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். இவற்றைச் செய்தது யார்?"

"என் அக்கா."

"அவர் என்ன வேலை செய்கிறார்?"

பதற்றத்தில் எனக்கு ஊர்ப் பேச்சு அப்படியே ஆங்கிலமாக வந்துவிட்டது. "என் அக்கா ஆட்டம் பாம் செய்வார். மிக நன்றாகச் செய்வார்" என்றேன்.

அந்த ஆள் பேனாவைக் கீழே வைத்தார். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த மீனா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

"அது ஒரு பட்டாசின் பெயர்" என்று அவர்களிடம் நிதானமாகச் சொன்னாள். "எங்கள் ஊரில் எல்லோரும் பட்டாசுதான் செய்வார்கள். பெரியம்மாவும் செய்வார்."

எங்கள் ஊர் என்று அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதை ரசிக்கக்கூட எனக்கு நேரம் இல்லை. "செய்தார். இப்போது விட்டுவிட்டார். மூன்று மாதமாகிறது" என்று அவசரமாகத் திருத்தினேன்.

அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. பெட்டியில் மருந்து வாடை இருந்தால் அதில் வியப்பில்லை, அது பழைய பெட்டி. லேபிளில் இருந்தாலும் வியப்பில்லை. ஆனால் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, முடிச்சுக்கு உள்ளே இருக்கும் துணியைத் துடைத்துச் சோதித்தோம். மருந்து உள்ளேதான் அதிகம் இருக்கிறது. கட்டியவரின் விரலிலிருந்து வந்தது அது. இவ்வளவு இருக்க வேண்டும் என்றால், பொத்தான் கட்டிய நாட்களில் அவர் தினமும் மருந்தைத் தொட்டிருக்க வேண்டும்.

சட்டப்படி பார்சலை அழித்துவிடுவோம், உங்கள்மேல் நடவடிக்கை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்தார்கள். நடவடிக்கை இல்லை என்றதும் மீனா மூச்சு விட்டாள். எனக்கு வேறு கணக்கு ஓடியது. நான் நிம்மதியாகத் தேநீர் குடித்த காலையெல்லாம் அக்கா வேனில் ஏறியிருக்கிறாள்.

6

மறுநாள் போன் போட்டேன். சண்டை போடத்தான் போட்டேன்.

"நீ வேலைக்குப் போறியா?"

"யாரு சொன்னா?"

"உன் பட்டன் சொல்லுச்சு."

நடந்ததைச் சொன்னேன்.

"போறேன்தான்" என்றாள். "நீ வருசத்துக்கு ஒரு ஆர்டர் புடிப்ப. அடுத்த வருசம் அந்த வெள்ளக்காரிக்கு உன் கோட்டு புடிக்கலைன்னா? போர்மேன்கிட்டப் போயி மறுபடியும் கையக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா? பகல்ல அங்கன, சாயங்காலம் உன் வேலை. இதுல உனக்கு என்ன கொறஞ்சுபோச்சு?"

"பொய் சொன்னியேக்கா."

"நீ தூங்கணும்ல. அதுக்குச் சொன்னேன்."

எனக்கு வந்த கோபத்தில் அட்டையில் நிமிடம் மிச்சமிருக்கும்போதே வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அவள் கேட்டதில் நியாயம் இருப்பது உறைத்தது. ஒரு கடைக்காரியின் ஒரு ஆர்டரை நம்பி ஒரு குடும்பத்தையே கம்பெனிச் சம்பளத்தை விடச் சொல்லியிருக்கிறேன். என் பயம் தீர வேண்டும் என்ற அவசரத்தில் அவளுடைய பயம் என்ன என்று கேட்கவில்லை. ஆனாலும் கோபம் போகவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

கோட்டுகளுக்கு வாய் மூட வேண்டுமே. பொத்தானுக்குப் பதில் நாடா வைத்தேன். கொக்கியைப் பிய்த்த ரவிக்கையில் பெண்கள் இழுத்துக் கட்டுவார்களே, அதே கட்டு. குனிந்தால் அவிழாதபடி இரண்டு இடத்தில் மடித்துத் தைத்தேன். ஹெலனிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் ஒரு கோட்டை மாட்டிக் கட்டி அவிழ்த்துப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்கிறேன் என்றாள். ஆனால் அடுத்து வசந்தகாலச் சட்டைக்கு உருண்டைப் பொத்தான் கட்டாயம் வேண்டும் என்றாள். கோட்டுகள் விற்றதும் இரண்டு வருடத்துக்குச் சேர்த்தே ஆர்டர் கொடுத்தாள்.

அக்காவிடம் அதைச் சொன்னேன். வேலையை விடு என்று இந்தத் தடவை சொல்லவில்லை. "இந்த வருசத்துக்கும் அடுத்த வருசத்துக்கும் வேலை இருக்குக்கா. உனக்கு எப்படித் தோதோ அப்படிச் செய்யி. பழைய பெட்டி மட்டும் வேண்டாம்" என்றேன்.

"சரி, சரி" என்றாள். அவ்வளவுதான். தீபாவளி போனது, பொங்கல் போனது. கம்பெனியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. காலையில் கணினியைத் திறக்கும் பழக்கம் திரும்பி வந்துவிட்டது.

7

இரண்டாவது பார்சல் ஒரு வியாழக்கிழமை வந்தது. நான் அதிகாரிகளை எதிர்பார்த்து வீட்டைக் கூட்டி, நல்ல கோப்பைகளை எடுத்து வைத்திருந்தேன். வந்தவர் தபால்காரர். கதவைத் தட்டி, பார்சலைக் கொடுத்து, இரண்டு தும்மல் போட்டுவிட்டுப் போனார்.

பிரித்தேன். விருதுநகர் வத்தல் மண்டியின் சாக்குத் துண்டில் வைத்துத் தைத்திருக்கிறாள். பழைய பெட்டி வேண்டாம் என்று சொன்னதற்கு அவள் கண்டுபிடித்த புதுப் பெட்டி அது. நானும் தும்மினேன், மீனாவும் தும்மினாள். ஒரு பொத்தானை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். கந்தக வாடை இருக்கிறதா என்று பார்க்கத்தான். மிளகாய் வத்தலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கண்ணில் நீர் வந்தது, அது வத்தலால்தான்.

செல்வராஜ் சாயங்காலம் வந்து சாக்கைத் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப சந்தோசப்படாத பேச்சி. இந்த வாட்டி அவுங்க பாக்காமலே விட்டிருப்பாக" என்றார்.

மீனாதான் அடிப்பக்கத்தைக் காட்டினாள். தையலைப் பிரித்து மறுபடி ஒட்டிய இடத்தில் மஞ்சள் நாடா. சுங்கத்துறையால் திறந்து சோதிக்கப்பட்டது என்று அதில் அச்சிட்டிருந்தது. உள்ளே சில பொத்தான்கள் முடிச்சு அவிழ்த்த நிலையில், ஒரு பிளாஸ்டிக் பையில் தனியாக இருந்தன. எங்கள் விலாசம் அவர்களுக்கு மறக்குமா? எல்லாவற்றையும் துடைத்துப் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு, என் கைக்கே அனுப்பிவிட்டார்கள்.

ஊரில் விடியட்டும் என்று நானும் மீனாவும் நள்ளிரவு தாண்டும் வரை விழித்திருந்தோம்; பிறகு அட்டையைச் சுரண்டினேன். அங்கே காலை வேன் வரும் நேரம். அக்கா உடனே எடுத்தாள்.

"எப்பக்கா விட்ட?"

"யாரு சொன்னா?" என்றாள், போன தடவை மாதிரியே. பிறகு அவளே சிரித்தாள். "அம்புட்டும் உங்க ஊர்க்காரனுக்குத் தெரிஞ்சிருமாக்கும். தீபாவளி போனஸ வாங்கிட்டு நின்னுட்டேன். வீட்டுக்கு வெள்ளையடிச்சு, கம்பெனிக்கு உடுத்துன துணியெல்லாம் தூரப் போட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மறுபடி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவ. அதும்போக, போன வாட்டி நான் சொல்லித்தான நீ நம்பி ஏமாந்த."

ரெண்டு வருச ஆர்டர் வந்ததால் விட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

"அதுவுந்தான்" என்றாள். வேன் ஹாரன் அடிப்பது தொலைபேசியில் கேட்டது. அது நின்று, கிளம்பி, தெருவைக் கடந்து போகும் வரைக்கும் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"இத்தன வருசமா கம்பெனிக்குள்ள போறப்ப ஊக்கு இருக்கா, கொலுசு இருக்கான்னு பாத்துத்தான்டி உள்ள விட்டாக. வெளிய வாரப்ப என் கையில என்ன இருக்குன்னு ஒருத்தரும் பாத்ததில்ல. சோப்புப் போட்டுக் கழுவிட்டாப் போயிருச்சுன்னு நானும் நெனச்சேன். அந்தக் கையாலதான பிள்ளைகளுக்குச் சோறு பெசஞ்சு குடுத்தேன். மொகம் தெரியாத வெள்ளக்காரன் ஒருத்தன் முடிச்ச அவுத்துத் தொடச்சுப் பாத்துச் சொல்றான். அன்னைக்கு நீ போன வச்சதுக்கப்புறம் என் கையவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

பக்கத்தில் நின்ற மீனா போனை வாங்கினாள். "பெரியம்மா, பட்டன் நல்லா இருக்கு" என்று தமிழில் சொன்னாள்.

"நல்லா இருக்கும் தாயி" என்று அக்கா சொன்னது எனக்கும் கேட்டது. "இப்பத்தான் சுத்தமான கையால கட்டுறேன்."